முதற்சொல்



2004 டிசம்பர் 26, திருக்குடும்பத் திருவிழா ஞாயிறு. கடலூர்த் தேவனாம்பட்டினத்திலும், சிதம்பரத்திற்குக் கிழக்கே எம்.ஜி.ஆர். திட்டிலும் கடல் ஏறி வந்த நாள். பிள்ளையைக் காணாத தாய்மார் சிலரோடு அன்று பேச நேர்ந்தது. "என்ன சட்டை போட்டிருந்தான் அம்மா?" என்றோம். ஒருத்தி நீலம் என்றாள்; சற்றுப் பொறுத்து வெள்ளை என்றாள். மற்றொருத்தி கண்ணீரே சிந்தாமல், அடுப்பில் வைத்துவந்த உலையைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தாள். அருகில் நின்றவர், "பெற்றவள் போலவா இருக்கிறாள், சாமி?" என்று நம் காதில் ஓதினார். அச்சொல் இன்னும் நம்மை விட்டு அகலவில்லை.

அதே நாளில் இலங்கையின் கல்முனையில், இடிபாடுகளிடையே கிடந்த ஆண் சிசுவொன்று மருத்துவமனை சேர்ந்தது. பதிவில் அதன் எண் 81. ஒன்பது தாய்மார் அதற்கு உரிமை கோருவதாக உலகெங்கும் செய்தி பரவிற்று. சாலமோன் அரசர் முன் நின்ற இரு தாய்மாரின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எத்துணை இனித்திருக்கும்! முறைப்படி உரிமை கோரியவர்கள் ஒரே தம்பதியர் என்பது பின்னரே தெரிந்தது. வீட்டோடு சான்றுகளும் கடலுக்குப் போய்விட்டன; எஞ்சியது வாய்ச்சொல் ஒன்றே. அது போதவில்லை. பொறுக்கமாட்டாமல் மருத்துவமனைக்குள் புகுந்தவர்கள், 2005 பிப்ரவரியில் கைதும் ஆயினர். சாலமோன் கதையில் மெய்த்தாய் விட்டுக்கொடுத்தாள். கல்முனையில் மெய்த்தாய் போராடினாள். அம்மாதமே மரபணுச் சோதனை, அவர்கள் முதலிற் சொன்னதே உண்மை என்றது.

அவர்களுக்காவது ஏழு வாரங்களில் விடிந்தது. ஆஸ்திரேலியாவின் உலுருப் பாறையருகே 1980 ஆகஸ்டில் கூடாரத்தில் உறங்கிய ஒன்பது வாரக் குழந்தை அசரியா காணாமற்போனாள். டிங்கோ என்னும் காட்டுநாய் தூக்கிச் சென்றதென்று தாய் லிண்டி சேம்பர்லேன் அக்கணமே கூவினார். தொலைக்காட்சியில் அவர் போதிய அளவு அழவில்லை என்று ஊரார் குறைகண்டனர். குழந்தையின் பெயருக்குப் 'பாலைநிலப் பலி' என்றும் பொருள் கற்பித்தனர். நம் தானியேல் நூலில் தீச்சூளையில் செபித்தவரின் பெயரன்றோ அது! 'ஆண்டவர் துணைசெய்தார்' என்பதே அதன் பொருள். 1982-இல் தாய்க்கு ஆயுள் தண்டனை; 1986-இல் குழந்தையின் மேற்சட்டை கிடைத்ததும் விடுதலை; 1988-இல் தீர்ப்பு நீக்கம். டிங்கோவே காரணமென்று மரண விசாரணை அதிகாரி பதிவுசெய்தது 2012-இல்.

குடும்பத்தாரின் முதற்சொல்லை ஆராயவே வேண்டா என்கிறோமல்லோம். வீட்டாரே குற்றம் இழைத்த வழக்குகளும் உண்டு. காவலர் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டு எழுதுவது முறைதான். நேரம், இடம், உடை, கடைசியாகக் கண்டவர் என்பன சரிபார்க்கத் தக்கவை. அழுகையை நிறுக்கத் தராசு ஏது?

குழந்தையைக் காணோம் என்ற புகாரைக் கடத்தலாகவே கருதி முதல் தகவல் அறிக்கை பதியவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் ஆணையிட்டிருக்கிறது. ஆதலால் "நாளை வரை பார்ப்போம்" என்று எவரும் தள்ளிப்போட இடமில்லை. சிதம்பரம் தேர்க்கூட்டத்திலோ கடலூர்ப் பேருந்து நிலையத்திலோ ஒரு தாய் பிள்ளையைத் தேடி நின்றால், காவல் நிலையத்துக்கும் 1098-க்கும் உடனே சொல்லுங்கள். அவள் சொல்வதை நேரத்தோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நீலம் என்றால் நீலம் என்றே எழுதுங்கள். பிறகு வெள்ளை என்றால், அடித்துத் திருத்தாமல், அதன்கீழே அதையும் எழுதுங்கள்.