காலையில ஸ்கேன்... சாயங்காலம் ஆபரேஷன்! தனியார் ஆஸ்பத்திரிகளில் ஏன் இந்த அவசரம்?

வயித்து வலின்னு போனா முதல்ல டோக்கன். இரண்டு மணி நேரம் காத்திருந்தால் டாக்டரை பார்ப்பது இரண்டே நிமிஷம். உடனே ஸ்கேன், ரத்த டெஸ்ட். "கட்டி இருக்கு, இன்னைக்கே அட்மிட் ஆயிடுங்க" என்கிறார்கள். நகையை அடகு வைக்க வீட்டுக்காரர் ஓடுகிறார். எந்த பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் இந்த புலம்பலை கேட்கலாம்.

வெறும் புலம்பல்தானா? மத்திய அரசின் குடும்ப நல ஆய்வு (2019-21) கணக்கை பாருங்கள். தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளில் 100 பிரசவத்துக்கு 36 சிசேரியன். தனியாரில் 64! இத்தனைக்கும் சிக்கலான கேஸ் என்றால் ராத்திரியோடு ராத்திரியாக ஜி.எச்.சுக்கு தள்ளிவிடுவது தனியார்தான். (நட்சத்திரம் பார்த்து "இந்த நேரத்துக்கு எடுத்துடுங்க" என்று கேட்கிற குடும்பங்களும் இருக்கு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

குடல்வால் வெடிக்கிற நிலை, வயிற்றில் குழந்தைக்கு மூச்சுத்திணறல் என்றால் டாக்டர் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. நியாயம்தான். ஆனால் பித்தப்பை கல், கர்ப்பப்பை கட்டி பெரும்பாலும் அப்படி இல்லை. சில நாள் பொறுத்து இன்னொரு டாக்டரிடம் காட்டலாம். அந்த சில நாளைத்தான் தர மறுக்கிறார்கள்.

டெல்லியில் 1995-ல் 44 வயது பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டு உள்ளே பரிசோதித்தார்கள். அவர் மயக்கத்தில் இருந்தபோதே, வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கி கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. பரிசோதனைக்கு தந்த சம்மதம் ஆபரேஷனுக்கு செல்லாது, உயிருக்கு ஆபத்து இல்லாதபோது நோயாளி கண் விழித்த பிறகு அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்று 2008-ல் தீர்ப்பு வந்தது. 13 வருஷம் அலைந்த அந்த பெண்ணுக்கு நஷ்டஈடு எவ்வளவு தெரியுமா? 25 ஆயிரம் ரூபாய்.

நம்ம ஊரில் இன்னமும் இங்கிலீஷ் பாரத்தில் புருஷன் கையெழுத்து போட்டால் முடிந்தது கதை. சுயநினைவோடு இருக்கிற பெண்ணிடம் விளக்கி, அவரிடம்தான் கையெழுத்து வாங்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ரிக்கார்டு தர வேண்டும் என்பது 2002-ம் வருஷத்து மருத்துவ கவுன்சில் விதி. ரிப்போர்ட்டோடு ஸ்கேன் படத்தையும் கேட்டு வாங்குங்கள். அதோடு ஜி.எச்.சில் காட்டலாம், காசு இல்லை. ஓ.பி. பெரும்பாலும் காலையில்தான். சீட்டு போட சீக்கிரமே போய் நிற்க வேண்டும்.