மணிக்கட்டில் ஓர் இ.சி.ஜி.

வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகள் பெற்றோருக்கு அனுப்பும் பொருள்களில் இப்போது ஸ்மார்ட் வாட்ச்சும் சேர்ந்துவிட்டது. பரங்கிப்பேட்டையிலிருந்தும் புவனகிரியிலிருந்தும் வருவோர் சிலர் அதன் திரையைக் காட்டியபடியே பேசத் தொடங்குகின்றனர். அந்த அக்கறை பாராட்டத்தக்கது. ஆயினும் அக்கருவி எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்று அறியாமல் அதை நம்புவது ஆபத்து என்பதே என் கருத்து.

இதயம் துடிக்கையில் தோலின்மேல் கிட்டும் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட்தான். விலை குறைந்த பட்டைகள் பெரும்பாலும் இதனை அளப்பதே இல்லை. பச்சை ஒளியைப் பாய்ச்சி, இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு நாடியை எண்ணுகின்றன. இ.சி.ஜி. வசதியுள்ள கடிகாரத்தில் ஒரு கையின் மணிக்கட்டும் மறுகையின் விரலும் மின்முனைகளைத் தொடுகின்றன. அது 30 விநாடிகள், ஒரே கோணத்தில் இதயத்தைப் பார்க்கிறது. மருத்துவமனையில் நாங்கள் 10 மின்முனைகளைப் பொருத்தி 12 கோணங்களில் பார்க்கிறோம்.

ஆகவே மாரடைப்பு அந்த ஒற்றைக் கோணத்தில் புலப்படாமலே போகலாம். நெஞ்சு வலியுடன் வியர்த்து அமர்ந்திருப்பவரின் கடிகாரம் 'இயல்பான தாளம்' என்று காட்டக்கூடும். அது பொய்யன்று, தாளம் இயல்பாகவே இருக்கலாம், அடைபட்டிருப்பது இரத்தக்குழாய். திரையை நம்பி, 'வாயுதான்' என்று சோடா குடித்துவிட்டு விடியும்வரை காத்திருந்தால், அதற்குள் இறந்துபோகும் இதயத் தசை மீண்டும் கிடைக்காது. உடனே 108-ஐ அழையுங்கள். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல்வேளை மாத்திரைகளைக் கொடுத்து, உயர்சிகிச்சைக்கு அனுப்பி வைக்கின்றனர்.

கடிகாரத்தால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். திடீரெனத் தோன்றும் படபடப்பு, மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் அடங்கிவிடும். 24 மணிநேர ஹோல்டர் பதிவிலும் சில வேளை சிக்காது. அத்தருணத்தில் எடுத்த 30 விநாடிப் பதிவு எங்களுக்குப் பெரிதும் உதவுகிறது. குறிப்பாக, இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இவ்வாறு வெளிப்படலாம். அதைக் கவனியாமல் விட்டால் இரத்தம் உறைந்து பக்கவாதத்தில் கொண்டுபோய் விடக்கூடும்.

ஆனால் எச்சரிக்கை வந்தாலே நோய் என்று கலங்க வேண்டா. அமெரிக்காவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்று, 2019-இல் வெளியான ஆப்பிள் ஹார்ட் ஆய்வில், எச்சரிக்கை பெற்ற பின் மார்பில் பதிவுப் பட்டை ஒட்டிச் சோதித்துக்கொண்ட 450 பேரில் 34 விழுக்காட்டினருக்கே அப்போது இக்கோளாறு பதிவாயிற்று. அறிகுறி ஏதுமில்லாதவர் நாளைக்குப் பத்து முறை பதிவெடுத்துப் பார்த்துக் கவலையை வளர்ப்பதை நான் ஆதரிக்கவில்லை.

படபடப்பு வரும்போது அமர்ந்து, கைகளை மேசைமீது வைத்து, பேசாமல் அசையாமல் பதிவு செய்யுங்கள். கடிகாரம் சொல்வதைக் கொண்டு எந்த மாத்திரையையும் நிறுத்தவோ கூட்டவோ வேண்டா. அடுத்த முறை வரும்போது அப்பதிவுடன் பழைய இ.சி.ஜி. தாள்களையும் எடுத்து வாருங்கள்; இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.