பன்றிமுகக் கேக்கும் பல்லுக்கொழுக்கட்டையும்

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். ஊரடங்கு, தேர்தல், விலையேற்றம் என்று எழுதிப் பழகிய இந்தக் கை, கப் கேக்கைப் பற்றியும் ஒருநாள் எழுத நேருமென்று நான் எண்ணியதில்லை. ஆனால் சென்ற மாதம் வெள்ளவத்தையில், எங்கள் தொடர்மாடி வீட்டில், எனது பேத்தியின் ஐந்தாவது பிறந்தநாளன்று கண்டவற்றை எழுதாமல் விட மனம் ஒப்பவில்லை.

முதல்நாள் இரவு இரண்டு மணியிருக்கும். தண்ணீர் குடிப்பதற்காக எழுந்தபோது சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அலுவலகத்தில் நாள் முழுவதும் வேலை செய்துவிட்டு வந்த எனது மருமகள், கைபேசித் திரையில் ஓடிய செய்முறைக் காட்சியொன்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இளஞ்சிவப்புச் சீனிப்பசையில் பன்றி முகங்களை வெட்டிக்கொண்டிருந்தார். பெப்பா பிக் என்னும் சித்திரக் கதாபாத்திரம் அது. ஒரு முகம், இரண்டு காதுகள், ஒரு மூக்கு, இரண்டு மூக்குத்துளைகள், இரண்டு கண்கள், இரண்டு கண்மணிகள், ஒரு கன்னம், ஒரு வாய். ஆக ஒரு கேக்கிற்குப் பன்னிரண்டு துண்டுகள். முப்பத்தாறு கேக்குகளுக்கு 432 துண்டுகள். செய்தியாளனின் பழக்கம், எதையும் எண்ணிப் பார்த்துவிடுவது.

கொழும்பின் வெக்கையில் பட்டர் ஐசிங் இளகிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், வெளியே எடுத்தவுடன் சீனிப்பசையில் ஈரம் பூத்து, கண்மணியின் கறுப்பு கன்னத்தில் வழியும். ஆகவே வீட்டிலுள்ள ஒரேயொரு குளிரூட்டிய அறை அன்றிரவு கேக்குகளுக்கு ஒதுக்கப்பட்டது. மனிதர்கள் கூடத்தில் வியர்த்துக்கொண்டு படுத்தோம்.

மறுநாள் காலை பேத்தி அந்த அறைக்கதவைத் திறந்தாள். “தொடாதை பிள்ளை, படம் எடுக்கோணும்” என்றார் தாய். பத்து மணிக்கு மீண்டும் போனாள், “தொடாதை”. பிற்பகலில் என்னிடம் வந்து, “அப்பப்பா, என்ர பேர்த்டே முடியிறதுக்குள்ள தொடலாமோ?” என்று கேட்டாள். எனக்கு மறுமொழி தெரியவில்லை. இந்தப் பத்தியை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

இவ்விடத்தில் எனது வயதொத்த நண்பர்கள் சிலர் உற்சாகமடைவார்கள் என்பதை அறிவேன். “எல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், எங்கட கலாசாரம் அழிஞ்சு போச்சுது” என்பார்கள். அவர்களுடைய கட்சியில் நான் இல்லை. தமது திருமணத்தில் ரிச் கேக்கைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தவர்களும், பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ரிப்பன் கேக் வெட்டியவர்களும், பேரப்பிள்ளையின் கப் கேக்கில் மட்டும் அந்நியப் பண்பாட்டைக் கண்டுபிடிப்பது வேடிக்கையானது. உணவுக்கு உருவம் கொடுத்துப் பிள்ளையைக் கொண்டாடுவதும் எமக்குப் புதிதல்ல. குழந்தைக்குப் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பவர்கள் நாங்கள். தேங்காய்ச் சொட்டைப் பல்லைப்போல் சீவிக் கொழுக்கட்டையில் பதிக்கும் எமது பெண்களின் கைத்திறனுக்கு எந்தக் கேக் அலங்காரம் ஈடாகும்?

ஆனால் அந்தச் சடங்கைச் சற்று நினைத்துப் பாருங்கள். கொழுக்கட்டை பிடிப்பது ஒருத்தியின் வேலையன்று. அம்மம்மா, அப்பம்மா, பெரியம்மா, சித்தி, அயல்வீட்டார் என்று பலரும் சுற்றியிருந்து பிடிப்பார்கள். வெள்ளைத் துணி விரித்துப் பிள்ளையின் தலையில் கொழுக்கட்டையைச் சொரிவார்கள். பின்னர் புத்தகம், பேனா, நகை முதலியவற்றை முன்னே பரப்பிவிட்டு, பிள்ளை எதைத் தொடுகிறது என்று எல்லோரும் பார்த்திருப்பார்கள். பிள்ளை தொடுவதுதான் அங்கே விழா. நாங்களோ இன்று பிள்ளையைத் தொடவிடாமல் விழா நடத்துகிறோம். தாய் தனியே விழித்திருக்கிறார்; பிள்ளை கதவுக்கு வெளியே நிற்கிறாள். எனது வழக்கு இவ்வளவே.

இந்த மாற்றத்தினால் நன்மை அடைபவர் யார் என்று கேட்பது செய்தியாளனின் கடமை. கைபேசிப் படம் ஒரு காரணம். வகுப்புத் தாய்மாரின் வட்ஸ்அப் குழுவில் சென்ற வாரம் ஒருவர் ஸ்பைடர்மான் கேக் போட்டிருந்தால், இந்த வாரம் அதற்குக் குறையாத ஒன்று வேண்டியிருக்கிறது. மற்றைய காரணம் வணிகம். 1929 ஆம் ஆண்டளவில் பள்ளிக்கூட எழுதுதாள் கட்டொன்றில் மிக்கி மவுஸின் படத்தை அச்சிட வோல்ட் டிஸ்னிக்கு முந்நூறு டொலர் கொடுக்கப்பட்டது. அங்கிருந்து தொடங்கிய வணிகம் இன்று பிள்ளைகளின் சட்டை, செருப்பு, தண்ணீர்ப்போத்தல் என்று எல்லாவற்றிலும் ஏறியமர்ந்திருக்கிறது. பெப்பா பிக் 2004 இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் தோன்றியது. 2019 இல் ஹஸ்ப்ரோ என்னும் அமெரிக்க விளையாட்டுப்பொருள் நிறுவனம், அதன் உரிமையை வைத்திருந்த நிறுவனத்தையே வாங்கியது. எனது மருமகள் இரவிரவாகச் செய்தது, கூலியில்லாத விளம்பரம்.

அந்த உருவங்களின் உரிமையாளர்கள் எவ்வளவு கண்டிப்பானவர்கள் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1989 இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஹலன்டேல் என்னும் ஊரிலிருந்த மூன்று சிறுவர் பராமரிப்பு நிலையங்களின் சுவர்களில் மிக்கி மவுஸ் முதலிய படங்கள் வரையப்பட்டிருந்தன. அவற்றை அகற்றும்படி டிஸ்னி நிறுவனம் எச்சரித்தது, அகற்றவும் வேண்டியதாயிற்று. பிள்ளைகளுக்கு நெருக்கமானவை என்று நாங்கள் நினைக்கும் உருவங்கள் பிள்ளைகளுக்குச் சொந்தமானவை அல்ல.

உண்பவற்றைப் பற்றியும் ஒரு சொல். எனது மனைவி சுத்த சைவம். “பன்றியின்ர மூஞ்சையை என்னைத் தின்னச் சொல்லுறியளோ?” என்று அவர் கேட்டபோது எல்லோரும் சிரித்தோம். ஆனால் சிரிப்பதற்கு அப்பால் ஒரு விடயம் உண்டு. மாஷ்மலோவை உருக்கிச் செய்யும் சீனிப்பசையில் பெரும்பாலும் ஜெலற்றின் இருக்கும். அது விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து பெறப்படுவது; பன்றியினுடையதாகவும் இருக்கலாம். சில சிவப்புச் சாயங்கள் பூச்சியிலிருந்து எடுக்கப்படுபவை. சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து வரும் கொழும்பு விருந்தொன்றில், பெட்டியின் பின்புறத்தில் உள்ள சிற்றெழுத்துகளைப் படிப்பது விருந்தோம்பலின் ஒரு பகுதியாகும்.

செயற்கைச் சாயங்களைப் பொறுத்தவரை, 2007 இல் இங்கிலாந்தின் சவுத்ஹம்டன் பல்கலைக்கழக ஆய்வொன்று லான்செற் இதழில் வெளியாகியது. சில சாயங்களும் சோடியம் பென்சோயேற்றும் கலந்த பானங்கள் சில பிள்ளைகளின் துருதுருப்பைக் கூட்டக்கூடும் என்றது அது. கண்ட விளைவு சிறியது. எல்லாப் பிள்ளைகளிலும் ஒரே மாதிரியும் அல்ல. ஆயினும் 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அத்தகைய ஆறு சாயங்கள் சேர்ந்த உணவுகளில் எச்சரிக்கை வாசகம் இடவேண்டும் என்று விதித்தது. ஒருநாள் உண்பதால் உலகம் அழிந்துவிடாது. ஆனால் ஒரு முகம் தொலைக்காட்சியில் உள்ளபடியே இருக்கவேண்டும் என்பதற்காகவே இவ்வளவு சாயம் கொட்டப்படுகிறது என்பதை மறக்கலாகாது.

விருந்து முடிந்தது. குப்பைப் பையைக் கட்டியவன் நான்தான். முப்பத்தாறில் இருபத்தொன்பது கேக்குகள் அதில் கிடந்தன. மேலிருந்த பன்றி முகத்தை மட்டும் உரித்துத் தின்றுவிட்டுக் கேக்கைப் போட்டுவிட்டார்கள். நல்ல பட்டரும் முட்டையும் சேர்த்த கேக். 2022 இல் சமையல் எரிவாயுவுக்காக இதே வீதியில் வரிசையில் நின்றவனுக்கு அந்தப் பையைக் கட்டுவது எளிதாக இருக்கவில்லை.

இந்தப் பேத்தியின் தகப்பனுக்கு 1991 இல் ஐந்து வயது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடை, பட்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. எனது மனைவி கோதுமை மாவில் பனங்கட்டி கரைத்துவிட்டு நீத்துப்பெட்டியில் அவித்து எடுத்தார். கச்சான் பருப்புகளை மகனிடம் கொடுத்து, “நீயே கண் வை” என்றார். அவன் ஐந்து கண்கள் வைத்தான். அந்தப் பஞ்சத்தை நான் புகழவில்லை. அது எவருக்கும் வேண்டாம். ஆனால் சென்ற மாதம் அவனிடம் கேட்டபோது, அந்த ஆண்டில் அவனுக்கு நினைவிருந்த ஒரே நல்ல விடயம் அந்த ஐந்து கண்கள்தான்.

மருமகளை நான் குறைகூறுகிறேன் என்று யாரும் கருதவேண்டாம். மகனின் பிறந்தநாள்களில் அநேகமாக நான் பத்திரிகைக் காரியாலயத்தில்தான் இருந்தேன். இரவு இரண்டு மணிவரை ஒரு தாய் விழித்திருப்பது அன்பினால்தான். அந்த அன்பை இவ்வாறு செலவழிக்கும்படி அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஏற்பாட்டின்மீதுதான் எனது கோபம். வீட்டில் கேக் செய்து விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்களையும் நான் குறிப்பிடவில்லை. அது தொழில், அதற்குக் கூலி உண்டு.

கப் கேக்கைக் கைவிடுங்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுக்கக்கூடிய கேக் அது. பெரிய கேக்கை ஒருவர்தான் வெட்டலாம். கப் கேக்கிலோ ஒவ்வொரு பிள்ளையும் தன்னுடையதற்குத் தானே அதிகாரி. அலங்கரிக்காமல் அவித்த கேக்குகளை நன்றாக ஆறவிட்டு மேசையில் பரப்புங்கள். மூன்று கிண்ணங்களில் பட்டர் ஐசிங் வையுங்கள். ஒன்றில் சிறிது பீற்றூட் சாறு, ஒன்றில் ஒரு சிட்டிகை மஞ்சள், ஒன்றில் கொக்கோ. உலர்ந்த திராட்சை, வாழைப்பழ வட்டுகள், தேங்காய்த்துருவல் ஆகியவற்றைத் தட்டுகளில் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் விலகி நில்லுங்கள். பெப்பா பிக் வேண்டுமென்றால் அவர்களே செய்துகொள்வார்கள். அது பன்றியைப் போல இராது, இருக்கவேண்டியதும் இல்லை.

இதனை நான் ஊகமாகச் சொல்லவில்லை. காது உடைந்ததால் தாய் ஒதுக்கி வைத்த கேக் ஒன்று அன்று சமையலறையில் எஞ்சியிருந்தது. விருந்தினர் போனபின் பேத்தி அதை எடுத்து, மீந்திருந்த ஐசிங்கை விரலால் பூசி, கறுப்புப் பசையில் இரண்டு வட்டங்களை ஒட்டினாள். அரைமணி நேரம் எவரும் தடுக்கவில்லை. பின்னர் என்னிடம் கொண்டுவந்து, “இது அப்பப்பா, கண்ணாடி போட்டிருக்கிறார்” என்றாள். அன்று முழுவதும் அவள் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை நான் காணவில்லை. அந்தக் கேக்கை நாங்கள் இருவரும் கடைசித் துகள்வரை தின்று முடித்தோம். அதனைப் படம் எடுக்க எவருக்கும் நினைவு வரவில்லை.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருந்து இதனைப் படிக்கும் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பிறந்தநாளில் பிள்ளை கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும்போது, ஒரேயொரு முறை “தொடு” என்று சொல்லிப் பாருங்கள்.