பேச்சுக்கு 20 மதிப்பெண்

தில்லி முனிர்காவின் சந்துகளில் அடிக்கடி கண்ணில் படும் விளம்பரம் ஒன்று உண்டு: ஆங்கிலம் பேசப் பயிற்சி. படிக்க அல்ல, எழுத அல்ல, பேச. பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்துத் தேறியவர்களும் இதற்குப் பணம் கட்டுகிறார்கள். நாட்டுக்கே பாடநூல் எழுதும் என்.சி.இ.ஆர்.டி. இருப்பதோ பக்கத்தில், ஸ்ரீ அரவிந்தர் மார்க்கில்.

இன்னொரு பக்கம், வசந்த் குஞ்சில், ஜப்பானியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்று, தங்கள் நாட்டுப் பாடத்திட்டத்தின்படி நடக்கிறது. அந்த நாட்டுக்கும் இதே வியாதிதான். இலக்கணமும் மொழிபெயர்ப்புமாக ஆறாண்டு படித்தும் வாய் திறக்க வரவில்லை என்பது ஜப்பானியர்களின் நெடுநாள் புலம்பல். 1987 முதல் வெளிநாட்டு இளைஞர்களை வகுப்பறைக்கு வரவழைத்தும் அது தீரவில்லை.

2020இல் தொடக்கப் பள்ளியிலிருந்தே மாற்றினார்கள். 3, 4ஆம் வகுப்புகளில் ஆண்டுக்கு 35 பாடவேளை, மதிப்பெண் கிடையாது. 5, 6ஆம் வகுப்புகளில் 70 பாடவேளை. ஆங்கிலம் முறையான பாடமாகிறது. தொடக்கப் பள்ளி முடிவதற்குள் 600 முதல் 700 சொற்கள். பேச்சையே இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்: உரையாடுவது ஒன்று, எடுத்துச் சொல்வது ஒன்று. நல்ல பிரிவு. மேடையில் முழங்குகிறவர் எதிராளியின் கேள்விக்குத் தடுமாறுவதைத் தமிழர்கள் பார்க்காததா?

ஆசிரியர் பாடம் திட்டமிடுவதும் தலைகீழாகிறது. இந்தப் பாடம் முடிந்ததும் மாணவனால் ஆங்கிலத்தில் என்ன செய்ய முடியும் என்று முதலில் எழுத வேண்டும். அதை எப்படிச் சோதிப்பது என்பது அடுத்து. புத்தகத்தைத் திறப்பது அதன் பிறகுதான்.

ஆனால் நுழைவுத் தேர்வு வந்து குறுக்கே நின்றது. பல்கலைக்கழக அனுமதிக்குத் தனியார் நடத்தும் ஆங்கிலத் தேர்வுகளைப் பயன்படுத்தும் திட்டம், ஏழை மாணவர்களும் தொலைதூர ஊர்க்காரர்களும் பாதிக்கப்படுவார்கள் என்ற எதிர்ப்பில், 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது, பின்னர் கைவிடப்பட்டது. 2021இல் வந்த பொதுத் தேர்வில் வாசிப்புக்கு 100, கேட்டலுக்கு 100. பேச்சுக்கு எதுவும் இல்லை. டோக்கியோ மாநகரம் மட்டும் 2022இல் துணிந்து, உயர்நிலைப் பள்ளி அனுமதிக்குப் பேச்சுத் தேர்வு வைத்தது. மொத்தம் 1,020இல் அதற்கு 20. அதற்கே பெற்றோர் கொதித்தார்கள். பக்கத்துப் பிள்ளையின் பதில் காதில் விழுகிறது என்பது ஒரு புகார். தேர்வு எழுதாதவர்களுக்கு உத்தேச மதிப்பெண் போடுகிறார்கள் என்பது இன்னொன்று.

இந்தியாவில் சி.பி.எஸ்.இ. 2012-13இலேயே பேசவும் கேட்கவும் தனி மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. இன்று 12ஆம் வகுப்பு ஆங்கிலத்தில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வு. மீதி 20 பள்ளியின் கையில். அதில் கேட்டலுக்கு 5, பேச்சுக்கு 5. தன் மாணவனுக்குத் தானே மதிப்பெண் குறைக்க எந்த ஆசிரியருக்கு மனம் வரும்? அந்த ஐந்தும் பெரும்பாலும் பேச்சுக்குத்தான் இருக்கிறது.

குற்றம் ஆசிரியர் மேல் மட்டும் இல்லை. வகுப்பில் 40 பேர் என்றால், ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச வைத்துக் கேட்க 200 நிமிடம் வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளையாக ஐந்து. ஒரு முறை கேட்பதற்கே ஒரு வாரம் போய்விடும். பாடம் அப்படியே நிற்கும். முனிர்காவின் பயிற்சி நிலையங்கள் விற்பது அந்த ஐந்து நிமிடத்தைத்தான்.