கோட்டுக்குள் அடங்காத கண்மாய்



மண்ணைப் பறிக்க வருபவன் இக்காலத்தில் படையோடு வருவதில்லை. ஒரு நிலப்படத்தோடு வருகின்றான். மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்து மக்கள் இதனைக் கண்கூடாகக் கண்டனர்.

2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்சுடன் கனிமப் பரப்பை ஏலத்தில் எடுக்கும் தகுதியை இந்துசுத்தான் சிங்கு நிறுவனம் பெற்றதாக நடுவணரசு அறிவித்தது. பரப்பு 2015.51 எக்டேர். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் அதற்குள் அகப்பட்டன. அவ்விரண்டு ஊர்களிலும் ஏறத்தாழ 193 எக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டரசு 2022 நவம்பரிலேயே பல்லுயிர் மரபிடமாக அறிவித்திருந்தது. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழிக் கல்வெட்டுகள், சமணர் படுக்கைகள், குடைவரைச் சிவன்கோயில், வல்லூறுகள் வாழும் குன்றுகள், ஊற்றுகள், கண்மாய்கள் யாவும் அங்கேயே உள்ளன. அவ்வளவையும் கண்டபின்னும் வரைந்தவன் கோல் ஏன் விலகவில்லை?

விடை, 2015ஆம் ஆண்டின் கனிம ஏல விதிகளில் இருக்கின்றது. ஏலத்துக்கு விடும் பரப்பைத் துல்லியமான அளவைக் கருவிகளாலும் செயற்கைக்கோள் வழி இடங்காணும் கருவிகளாலும் எல்லை குறிக்க வேண்டும் என்பது விதி. பின்னர் அந்நிலத்தைக் காடு, அரசு நிலம், அரசுக்கு உரியதல்லாத நிலம் என மூன்றாகப் பிரித்துக் காட்ட வேண்டும். அவ்வளவே! கண்மாய் என்றொரு வகை அதில் இல்லை. கல்வெட்டு என்றொரு வகை இல்லை. தலைமுறை தலைமுறையாக உழுதவனும் நேற்று வாங்கிப் போட்டவனும் அந்த மூன்றாம் வகைக்குள் ஒன்றே. முனைப்புள்ளிகளை நொடிப் பிரிவு வரை துல்லியமாகச் சொல்லும் படம், அந்த முனைகளுக்கு இடையே என்ன இருக்கின்றது என்பதைச் சொல்லக் கடமைப்படவில்லை.

கனிமத் தேட்டப் படம் வரைதல் எளிய கலையன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பாறை வகைகள் வண்ணத்தால் பிரிக்கப்பெறும். பள்ளம் வெட்டிய இடமும் துளையிட்ட இடமும் மாதிரி எடுத்த இடமும் குறிக்கப்பெறும். அளவுகோல், வடதிசைக் குறி, குறிவிளக்கம் ஆகியன அமையும். டங்சுடனின் தாதுவாகிய சீலைட்டு, புறஊதா விளக்கொளியில் வெளிர்நீலமாய் ஒளிரும் இயல்புடையது. ஆகலின் நிலவியலார் இரவிலும் விளக்கேந்தி அதனைத் தேடுவதுண்டு. அந்த உழைப்பை நாம் இகழவில்லை. அது யாருக்காக வரையப்படுகின்றது என்பதே நம் வினா.

கனடா நாட்டுக் கதையொன்று இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பிரி-எக்சு என்னும் நிறுவனம் இந்தோனேசியாவில் பெரும் பொற்புதையல் கண்டதாகப் பொய்யுரைத்துப் பங்குகளை விற்றது. 1997இல் அப்பொய் வெளிப்பட்டது. அதன்பின் 2001இல் அந்நாட்டார் கடும் விதி கொணர்ந்தனர்: கனிம அறிக்கைக்குத் தகுதி பெற்ற வல்லுநர் பொறுப்பேற்க வேண்டும், படங்கள் தெளிவாக இருக்க வேண்டும். பங்கு வாங்குபவனுக்குத் தெளிவான படம் கிடைத்தது. நிலத்துக்குரிய தொல்குடியினருக்கோ? பிரித்தானியக் கொலம்பியா மாநிலத்தில் 2005 முதல் கணினியிலுள்ள படத்தில் கட்டங்களைத் தொட்டுப் பணங்கட்டினாலே கனிம உரிமை கிடைத்துவந்தது. கிட்சாலா என்னும் தொல்குடியினர் வழக்காடி, தம்மைக் கலந்துபேசாமல் அவ்வாறு உரிமை வழங்குவது கடமை தவறுதலே என்னும் தீர்ப்பை 2023இல் பெற்றனர். நிலமுடையவன் வழக்காடினால்தான் அவன் படத்தில் தெரிகின்றான் போலும்!

இனி மொழி. இத்தகைய படங்களும் ஏல ஆவணங்களும் ஆங்கிலத்திலேயே உலவுகின்றன. எகர ஏகார வேறுபாட்டையும் லகர ளகர வேறுபாட்டையும் காட்டமாட்டாத எழுத்தில் எட்டிமங்கலத்தையும் வல்லாளப்பட்டியையும் எழுதி, அவ்வூர் உழவனிடம் நீட்டினால் அவன் தன்னூரை எங்ஙனம் கண்டுகொள்வான்? அவன் அறிந்தவை புல எண்ணும் மடையும் கலிங்கும் வரத்துக்காலும். அவற்றுள் ஒன்றேனும் இல்லாத படம் அவனுக்கு வெற்றுத்தாள்.

எதிர்ப்பு மூண்டது. 2024 திசம்பர் 9இல் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. அத்திங்கள் இறுதியில் நடுவணரசு, பல்லுயிர் மரபிடத்தை விலக்கி எல்லையை மாற்றலாமா என மறுபடி ஆயுமாறு நிலவியல் ஆய்வுத்துறையைக் கேட்டது. மரபிடம் முழுப்பரப்பில் பத்தில் ஒரு பங்கினும் சற்றுக் குறைவு. அதனை வெட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்பது அவர்தம் கணக்கு. மழைநீர் இக்கணக்கைப் படித்ததில்லை. குன்றில் பெய்யும் நீர் வரத்துக்கால் வழியே ஒரு கண்மாயை நிறைத்து, கலிங்கு வழிந்து, அடுத்த கண்மாய்க்குச் செல்லும். மேற்கண்மாயை மரபிடம் என்று காத்து, அதற்கு நீர் தரும் சரிவைத் தோண்டினால் காக்கப்படுவது எது? மக்கள் இதனை அறிந்திருந்தனர். 2025 சனவரி 7இல் மதுரை நோக்கி நடந்தனர். சனவரி 23இல் ஏலம் அடியோடு நீக்கப்பட்டது.

வெற்றிதான். ஆயினும் 2023இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம், டங்சுடன் உள்ளிட்ட 24 கனிமங்களை ஏலம்விடும் உரிமையை மாநிலங்களிடமிருந்து எடுத்து நடுவணரசிடம் குவித்தது. 2025 செப்டம்பரில், இத்தகைய கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு வேண்டா என்றும் நடுவணரசு ஆணையிட்டது. கேட்கவேண்டிய கடமையும் போயிற்று!

ஆகவே நாம் கேட்பது இது: கனிமப் பரப்பு எதுவாயினும், ஏல அறிவிப்புக்கு முன்னரே அதன் படம் தமிழில் வரையப்பட வேண்டும். வருவாய்த்துறையின் புலப்படத்தோடு பொருத்திப் புல எண்கள் காட்டப்பட வேண்டும். நீர்வழிகள், சுடுகாடு, கோயில், மேய்ச்சல் நிலம் யாவும் இடம்பெற வேண்டும். அப்படம் ஊரவையில் விரிக்கப்பட வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டா. மேலூர்ப் பக்கத்து இளைஞர்கள் இப்பொழுதே ஊர்ப்படத்தின் படி ஒன்றை வட்ட அலுவலகத்தில் பெறுக. முதியோரை உடனழைத்து, ஒவ்வொரு மடையையும் ஒவ்வொரு ஊற்றையும் அதன் பெயரோடு தமிழில் குறித்து, அடுத்த ஊரவைக் கூட்டத்தில் பதிவு செய்க.