சொட்டும் எண்ணெயும் அசையாத முள்ளும்

"பழைய கார் என்றால் ஒயில் ஒழுகத்தான் செய்யும். ஒழுகவில்லையென்றால் உள்ளே ஒயில் இல்லை என்று அர்த்தம்." யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் அரை நூற்றாண்டாகச் சொல்லப்பட்டுவரும் பகிடி இது. கேட்கும்போது நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அண்மைக் காலத்தில் இதைச் சொல்பவர்கள் பகிடியாகச் சொல்வதில்லை; காரை விற்பதற்கான வாதமாகவே சொல்கிறார்கள். ஆகவேதான் இது பற்றி எழுதவேண்டியதாயிற்று.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 இல் மீண்டும் கதவு திறக்கும்வரை, இலங்கையில் உருளக்கூடிய எதற்கும் ஒரு விலை இருந்தது. கொட்டில்களில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த ஒஸ்டின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் அக்காலத்தில் வெளியே இழுக்கப்பட்டன. புதிய நிறப்பூச்சு, பளபளக்கும் பம்பர், தோல் உறையிட்ட இருக்கை என்று எல்லாம் செய்தார்கள். திருமண ஊர்வலங்களில் அவை அழகாகவே செல்கின்றன. உள்ளே எட்டிப் பார்த்தால் வேகமானியின் முள் பூச்சியத்தில் உறங்குகிறது. காரை நகர்த்தினால் நிலத்தில் கறுப்பு வட்டம் தெரிகிறது. இவ்விரண்டையும் பழைமையின் அடையாளங்களாக ஏற்றுக்கொள்ளலாம் என்பது விற்பவர்களின் நிலைப்பாடு. ஏற்கக்கூடாது என்பது எனது நிலைப்பாடு.

என்னிடம் இருப்பது 1958 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். 1948 இல் அறிமுகமாகி, 1960 டிசம்பரில் பத்து இலட்சத்தை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் இதுதான். இதன் வேகமானி மிக எளிமையான கருவி. கியர்பெட்டியின் பின்முனையில் உள்ள சிறு பற்சில்லு ஒரு கம்பி வடத்தைச் சுழற்றுகிறது. வடத்தின் மறுமுனை கருவிக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல் அதற்கு மிக அருகே ஓர் அலுமினியக் கிண்ணம். சுழலும் காந்தம் அக்கிண்ணத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி அதைத் தன்னோடு இழுக்கும். மயிர்போன்ற சுருள்வில் அதை எதிர்த்து நிற்கும். இரண்டுக்கும் இடையிலான இழுபறிதான் முள் காட்டும் வேகம். ஜேர்மனியரான ஒட்டோ ஷூல்ற்ஸ 1902 இல் காப்புரிமை பெற்ற இந்த உபாயம், பல பத்தாண்டு காலம் உலகின் பெரும்பாலான கார்களில் இருந்தது.

முள் அசையாவிட்டால் கருவியையே மாற்றவேண்டும் என்று சொல்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். முதலில் கருவியின் பின்புறத்தில் வடத்தைக் கழற்றிவிட்டு, காரை மெல்ல ஓட்டிப் பார்க்கவேண்டும். வடத்தின் சதுரமுனை சுழன்றால் குற்றம் கருவியில். சுழலாவிட்டால் உள்வடத்தை உருவிப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் அது முனைக்கு அருகே அறுந்திருக்கும். முழுதாக இருந்தால் கியர்பெட்டியின் பற்சில்லைப் பார்க்கவேண்டும். முள் நின்றுவிடாமல் பதறி ஆடுகிறதென்றால், வடம் வளைந்திருக்கிறது அல்லது காய்ந்திருக்கிறது. உள்வடத்தை மேசையில் வைத்து விரல்களால் உருட்டினால், வளைவு இருக்கும் இடத்தில் துள்ளும். புதிய வடத்தைப் பூட்டும்போது கூர்மையான திருப்பம் எங்கும் விழாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். கிரீஸை மெல்லியதாகப் பூசவேண்டும். கருவியை அண்டிய சில அங்குலங்களுக்குப் பூசவே கூடாது.

ஏன் கூடாது என்பதில்தான் எண்ணெய்க் கசிவும் இந்தக் கதைக்குள் வருகிறது. சுருள் கம்பியாலான வடம் சுழலும்போது, கிணற்றிலிருந்து நீரிறைக்கும் திருகுபோல எண்ணெயை மேலே ஏற்றவல்லது. பற்சில்லு அமர்ந்திருக்கும் இடத்தில் அடைப்பு தேய்ந்துவிட்டால், கியர்பெட்டியின் எண்ணெய் உறைக்குள் ஏறி, மாதக்கணக்கில் பயணஞ்செய்து, வேகமானிக்குள் போய்ச் சேரும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே எண்ணெய் புகுந்தால், முள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆகவே அடைப்பைச் சரிசெய்யாமல் வடத்தை மட்டும் மாற்றுவது அரை வேலை. முகப்புக் கண்ணாடியின் உட்புறத்தில் மஞ்சள் படலம் தெரிகிறதா என்று பாருங்கள்.

கசிவைக் கண்டுபிடிப்பதற்கு நமது தொழில் ஓர் உதவி செய்கிறது. அடிப்புறத்தை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, சிறிது தூரம் ஓட்டிவந்து, இரவில் கீழே பழைய பத்திரிகைத் தாள்களை விரித்துவிடுங்கள். (நாற்பது வருடங்கள் தலையங்கம் எழுதியவனின் தாள் இவ்வளவு கவனமாக வாசிக்கப்படுவது மறுநாள் காலையில்தான்.) துளி எங்கே விழுந்திருக்கிறது, என்ன நிறம் என்பவை முக்கியம். இயந்திரமும் கியர்பெட்டியும் சந்திக்கும் மணிக்கூட்டின் அடித்துளையில் சொட்டுவது கறுப்பாக இருந்தால் அது இயந்திரத்தின் எண்ணெய், பொன்னிறமானால் கியர்பெட்டியினுடையது. மைனரின் கியர்பெட்டிக்கும் இயந்திர எண்ணெயே ஊற்றப்படுவதால், மணத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது. அத்துளையில் ஒரு பிளவு ஆணி தொங்கும். சேறு அடைக்காமல் இருப்பதற்காகத் தொழிற்சாலையே வைத்தது. அதைச் சிலிக்கன் பசையால் மூடிவிட்டுக் "கசிவை நிறுத்திவிட்டேன்" என்ற ஒருவரை நான் கண்டிருக்கிறேன். நிறுத்தப்பட்ட எண்ணெய் கிளச் தட்டில் போய்ச் சேர்ந்தது.

அக்கால இயந்திரங்கள் சிலவற்றின் பின்முனையில் றப்பர் அடைப்பே கிடையாது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். தண்டில் வெட்டப்பட்ட திருகுவரி எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். அங்கே இரவுக்கு ஓரிரு துளி விழுவது வடிவமைப்பின் குணம். அதற்காக இயந்திரத்தை இறக்குவது வீண்செலவு. ஆனால் கியர்பெட்டியின் பின்முனையில், புறொப்பெல்லர் தண்டு நுழையும் இடத்தில், உண்மையான அடைப்பு உண்டு. அங்கே ஒழுகினால் மன்னிப்பு இல்லை. புதிய அடைப்பைப் போட்டும் ஒழுகினால், தண்டின் வழுக்கும் பகுதியில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்கவேண்டும். பள்ளம் இருந்தால் எத்தனை அடைப்புப் போட்டாலும் பயனில்லை.

இவையெல்லாம் செலவும் அழுக்கும் சம்பந்தப்பட்ட விடயங்கள். உயிர் சம்பந்தப்பட்ட விடயம் வேறொன்று. மைனரின் பிரேக் தலைமை உருளை ஏனைய கார்களைப்போல இயந்திர அறையில் இல்லை. சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே, கியர்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் திரவமட்டத்தைப் பார்க்கவேண்டுமானால் விரிப்பை அகற்றித் தட்டைக் கழற்றவேண்டும். யார் செய்கிறார்கள்? நான்கு சில்லுகளுக்கும் ஒரே திரவச்சுற்று. அது வற்றினால் மிஞ்சுவது கைப்பிரேக் மட்டுமே. அந்த இடத்தில் விழும் துளியைப் பார்த்து, "பழைய கார் ஒழுகத்தான் செய்யும்" என்று சிரிக்கும் மனிதர், பிரேக் திரவத்தைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருக்கக்கூடும். துளியைத் தொட்டு நீரில் கழுவிப் பாருங்கள். பிரேக் திரவம் நீரோடு கலந்து போய்விடும்; எண்ணெய் போகாது. அந்தப் பகிடி எனக்குக் கசந்துபோனதன் காரணம் இதுதான்.

செத்த வேகமானியிலும் இதே ஆபத்துத்தான். நமது நாட்டில் குடிமனைப் பகுதிகளில் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே கார்களுக்கு 70 என்பது வேக எல்லை. மைல் கணக்கில் உள்ள மைனரின் முகப்பில் அவை ஏறத்தாழ 31, 43. இரைச்சலை வைத்தே வேகத்தைச் சொல்லிவிடுவேன் என்பவர்கள், ஏ9 வீதி செப்பனிடப்பட்டு வழுவழுப்பான பின்னரும் பழைய குண்டுகுழிகளின் இரைச்சலை வைத்தே கணக்கிடுகிறார்கள். மைல் எண்ணியும் அதே வடத்தில்தான் ஓடுகிறது. வடம் கழற்றப்பட்ட காரின் மைல் கணக்கைக் காட்டி "குறைவாக ஓடியது" என்று விற்பதைப் பொய்ச்செய்தி என்றே நான் சொல்வேன்.

குடாநாட்டு மெக்கானிக்குகளை நான் குறைத்து மதிப்பிடுவதாக எவரும் எண்ணவேண்டாம். 1990 இல் பொருளாதாரத் தடை விழுந்தபின், ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை இயக்கி, மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் அவர்கள். ஏ40களில் நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவமனைக்குப் போனார்கள். வேகமானி வேலை செய்கிறதா என்று அன்று எவரும் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் கூடாது. இல்லாமையில் பிறந்த அந்த ஒட்டுவேலை அன்று திறமை. வடமும் அடைப்பும் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்யப்பட்டு, தபாலில் வந்துசேரும் இந்நாளில், அதே ஒட்டுவேலையை "யாழ்ப்பாண முறை" என்று பெருமையாக விற்பது அந்த மனிதர்களுக்குச் செய்யும் மரியாதை அல்ல. அவர்களிடம் சரியான பாகத்தைக் கொடுத்துப் பாருங்கள். எனது காரின் பின் அடைப்பை மாற்றிய முதியவர், பழையதை வெளியே எடுத்ததும் முதலில் செய்தது தண்டை நகத்தால் தடவிப் பார்த்ததுதான். அவருடன் இப்போது வேலை பழகும் பையன்கள் எவரும் இல்லை.

இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினர்கள் "என்ன கொண்டுவர?" என்று கேட்பார்கள். சொக்கலேற் போதும் என்று சொல்லாதீர்கள். பழைய வடத்தின் நீளத்தை அளந்து, இரு முனைகளையும் படமெடுத்து அனுப்புங்கள். வடமும் அடைப்பும் சேர்ந்தாலும் ஒரு சோடி சப்பாத்தின் நிறைகூட வராது.