பேறு என்னும் சொல்லும் பிழை சுமத்தும் சொற்களும்

ஒரு சமுதாயம் தாய்மையை எவ்வாறு மதிக்கிறது என்பதை அறிய, அதன் அறநூல்களைப் புரட்டுவது மட்டும் போதாது. பிள்ளைப்பேறு குறித்து அச்சமுதாயம் நாள்தோறும் வழங்கும் சொற்களையும் எடைபோட்டுப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு பார்க்கப் புகுந்தால், தமிழின் பெருமையும் தமிழராகிய நம்முடைய சிறுமையும் ஒருங்கே புலப்படும்.

முதலில் பெருமையைக் காண்போம். 'பெறு' என்னும் வினையடி, முதல் நீண்டு 'பேறு' எனத் தொழிற்பெயராகிறது. செல்வம், நற்பயன், கிடைத்தற்கரியது ஆகிய பொருள்களை உணர்த்தும் இச்சொல்லையே ஒரு பெண்ணின் பிள்ளைப்பேற்றுக்கும் நம் முன்னோர் வழங்கினர். நோவும் குருதியும் நிறைந்த அப்பொழுதுக்கு நோவைச் சுட்டிப் பெயரிடாமல், அதனால் வந்தெய்தும் பயனைச் சுட்டிப் பெயரிட்ட உள்ளம் போற்றத்தக்கது. திருக்குறளின் ஏழாம் அதிகாரத்தை 'மக்கட்பேறு' என்றும் 'புதல்வரைப் பெறுதல்' என்றும் இருவகையாகத் தலைப்பிட்டு வழங்குவர். ஆண், பெண் என்னும் வேறுபாடின்றி இருபாலாரையும் இனிது தழுவி நிற்பது முன்னைய தலைப்பே என்பது நம் எண்ணம்.

மகப்பேற்றுச் சொற்கள் மனிதரோடு நின்றுவிடுவதில்லை. பெண் சூல் கொள்வது போலவே மேகமும் சூல் கொள்கிறது. வயலில் நெற்பயிரும் சூல் கொள்கிறது. தாய் ஈன்றாள் என்கிறோம். பசு ஈன்றது, வாழை குலை ஈன்றது என்றும் சொல்கிறோம். 'கரு' என்பது வயிற்றுப் பிள்ளையையும் முட்டையின் உட்பொருளையும் கதையின் மையத்தையும் ஒருசேரக் குறிக்கும். 'கருவறை' என்றால் தாயின் வயிறுமாகும், கோயிலின் உள்ளிடமுமாகும். 'உயிர்த்தல்' என்னும் வினைக்கு மூச்சுவிடுதல் என்பதும் ஈனுதல் என்பதும் பொருள்களாம். கருவுற்றவளின் ஆசையை உணர்த்தும் 'வயா' என்னும் சொல்லுக்குப் பெருகிய விருப்பம் என்று தொல்காப்பியர் உரியியலில் பொருள் வகுத்துள்ளார். இன்று மசக்கை என்று நாம் சொல்வதற்கு அன்றே இலக்கணத்தில் இடமிருந்தது.

ஊர்ப்புற வழக்கோ இன்னும் நயமுடையது. 'முழுகாமல் இருக்கிறாள்', 'உண்டாகியிருக்கிறாள்', 'வாயும் வயிறுமாக இருக்கிறாள்' என்பன, சொல்ல நாணியதையும் மங்கலமாகச் சொல்லிய தொடர்களாகும். அரபு மொழியிலும் இத்தகைய நுட்பம் உண்டு. கருப்பையைக் குறிக்கும் 'ரஹிம்' என்னும் சொல்லும் அருளைக் குறிக்கும் 'ரஹ்மத்' என்னும் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. கருப்பையையும் கருணையையும் அம்மொழி பிரித்துப் பார்க்கவில்லை.

இத்துணை நயமுடைய சொற்களைப் பெற்ற நாம் அவற்றை எவ்வாறு கையாளுகிறோம் என்பதே வினா.

இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். 'கலைந்தது' என்பது தானே நிகழ்ந்தது. 'கலைத்தாள்' என்பது ஒருத்தி செய்தது. இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் வேறுபாடு ஓரெழுத்தளவினதே. ஆயினும், கருவை இழந்து கண்ணீர் விடும் பெண்ணைப் பற்றித் தெருவில் பேசுவோர் அவ்வோரெழுத்தை எளிதாக மாற்றிவிடுகின்றனர். 'அபார்ஷன்' என்னும் இரவற்சொல்லோ இரண்டு நிகழ்வுகளையும் ஒன்றாக்கிக் குழப்புகிறது. முதல் மூன்று மாதங்களில் நேரும் கருச்சிதைவுகளுள் ஏறத்தாழப் பாதி, கருவின் குரோமோசோம்களில் அமைந்த குறைபாட்டால் நிகழ்வன என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. தாய் மாடிப்படி ஏறியதாலோ பப்பாளி தின்றதாலோ நேர்ந்தவை அல்ல அவை. செய்யாத வினைக்கு அவளை எழுவாய் ஆக்குவது இலக்கணப் பிழை மட்டுமன்று, அறப்பிழையுமாகும்.

இவ்வகையில் சட்டம் நம் நாவினும் கனிவுடையதாக இருந்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், கருச்சிதைவுற்ற பெண் பணியாளருக்கு ஆறு வார ஊதிய விடுப்பினை வகுத்தது. 1995-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி, மருத்துவ முறையில் கருவைக் கலைக்க நேர்ந்தவர்க்கும் அவ்விடுப்பு உரியதாயிற்று. கலைந்ததா, கலைத்ததா என்று வழக்காடாமல், உடல் தேற வேண்டும் என்பதையே அது கருதியது.

'சுகப்பிரசவம்' என்னும் சொல்லையும் எண்ணிப் பார்த்தல் நலம். அறுவையின்றிப் பெற்றால் சுகம் என்றால், அறுவை வழியாகப் பெற்றவள் சுகமற்றவளா? இரவு முழுதும் துடித்துப் பெற்றவளின் நோவு எத்தகைய சுகம்? தாயும் சேயும் நலமாயிருப்பின், எவ்வழியில் பிறந்தாலும் அது சுகப்பேறே. 'இயல்பான மகப்பேறு', 'அறுவை மகப்பேறு' என்று வழங்கின் உண்மையும் நிற்கும்; ஏற்றத்தாழ்வும் நீங்கும். 'குறைப்பிரசவம்' என்பதும் இத்தகையதே. வயிற்றிலேயே மாண்ட கருவையும், 37 வாரம் நிறையுமுன் பிறந்து உயிரோடு விளங்கும் மகவையும் அவ்வொரு சொல்லால் குறிப்பவர் உளர். உயிரோடிருக்கும் பிள்ளையைக் 'குறைமாதக் குழந்தை' என்று கூறுவதே பொருந்தும்.

எல்லாவற்றினும் கொடியது 'மலடி' என்னும் சொல். விளையாத நிலத்துக்கும் ஈனாத பசுவுக்கும் உரிய மலட்டுத்தன்மையை மனைவியின் தலையில் மட்டும் ஏற்றிவைத்தோம். 'மலடன்' என்னும் ஆண்பாற்சொல் இருந்தும் அது வழக்கில் அரிது. பிள்ளையின்மைக்குக் காரணம் கணவனிடத்தும் இருக்கலாம், இருவரிடத்தும் இருக்கலாம் என்று மருத்துவம் தெளிவாக்கிய பின்னரும் நம் வசைமொழி மாறவில்லை. இனி அச்சொல் அகராதியில் மட்டும் வாழட்டும். நம் நாவில் வாழ வேண்டா.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இங்கே இரு பணிகள் காத்திருக்கின்றன. முதலாவது, பாட்டிமாரிடமும் ஊர் மருத்துவச்சியரிடமும் இன்னும் எஞ்சியுள்ள பேறுகாலச் சொற்களை ஊர்ப்பெயரோடும் பொருளோடும் தொகுத்து வைத்தல். பிள்ளைப்பேறு வீட்டிலிருந்து மருத்துவமனைக்குச் சென்றுவிட்ட காலம் இது. தொகுப்பாரின்றேல் அச்சொற்கள் அவர்களோடு மறையும். இரண்டாவது, தாம் எழுதும் செய்தியிலும் கதையிலும் வீட்டுப் பேச்சிலும் தாயின்மீது பழி சுமத்தும் சொற்களை விலக்குதல். முன்னது மொழிக்குச் செய்யும் தொண்டு. பின்னது மொழியைப் பேசும் பெண்ணுக்குச் செய்யும் நீதி. பேறு என்று பெயரிட்ட இனம், அப்பேற்றினை அடையும் பொருட்டு உயிரைப் பணயம் வைப்பவளை ஒரு சொல்லாலும் நோகச் செய்தல் தகாது.